ஐந்து ரூபாய் டிக்கெட்டும் நூற்றிருபது அடிப் பலகையும்

மும்பை லோக்கல் ரயிலில் இரண்டாம் வகுப்புக்குக் குறைந்தபட்ச டிக்கெட் 5 ரூபாய். ஸ்டேஷன் வாசலில் ஒரு கட்டிங் சாய் அதைவிட அதிகம். சீசன் டிக்கெட் கணக்குப் பார்த்தால் ஒரு பயணத்துக்கு இன்னும் குறைவாக வரும். தினமும் 70 லட்சம் பேருக்கு மேல் இந்த விலையில் சுமந்தால் நஷ்டம் வராமல் என்ன செய்யும்? வருகிறது. அந்த நஷ்டத்தை நிலக்கரியும் சிமெண்டும் ஏற்றிப் போகிற சரக்கு ரயில்களின் வருமானம்தான் ஈடுகட்டுகிறது என்று ரயில்வே வருஷாவருஷம் சொல்கிறது.

ஆனால் ரயில்வேயிடம் டிக்கெட் தவிர விற்க இன்னொரு சரக்கும் உண்டு. இடம். காலையில் ஆபீஸ் போகும் வழியில் ஒரு நாள் எண்ணிப் பாருங்கள். படிக்கட்டுப் பக்கவாட்டில் கோச்சிங் கிளாஸ் விளம்பரம், பாலத்தின் நெற்றியில் பில்டர் விளம்பரம், பெட்டியின் உள்ளே ஜன்னலுக்கு மேலே சின்னச் சின்னப் பலகைகள், சில சமயம் ரயில் முழுவதுமே ஏதோ ஒரு சோப்பின் நிறத்தில். வடா பாவ் ஸ்டால், பேப்பர் கடை, பூட் பாலிஷ்காரர்களின் மரப்பெட்டி வரிசை, ஏ.டி.எம்., வண்டி நிறுத்தும் இடத்தின் குத்தகைக்காரர். (பெட்டிக்குள் ஒட்டியிருக்கும் பாபா பெங்காலியின் மாந்திரீக ஸ்டிக்கர் மட்டும் இந்தக் கணக்கில் வராது. அவர் யாரிடமும் அனுமதி கேட்பதில்லை.) ரயில் ஓடுவதற்கு இவற்றில் ஒன்றுகூடத் தேவையில்லை. ஆனால் ரயில் நின்றால் மறுநாளே இவற்றுக்கு மதிப்பில்லை. இந்தச் சுவர்களுக்கும் கூரைகளுக்கும் விலை வருவது கூட்டத்தால். விற்கப்படுவது சுவர் அல்ல, அந்த வழியாகப் போகிற நாம்தான்.

அப்படியானால் அந்தப் பணம் எங்கே போகிறது, யார் கணக்குப் பார்க்கிறார்கள் என்ற கேள்வி வருமில்லையா? பல வருஷமாக இந்த ஊரில் ரயிலில் போய் வருகிறவன் என்ற முறையில் எனக்கும் அது வந்தது. பதில் தேடினால் அது 1849 வரை பின்னால் போகிறது.

1849 ஆகஸ்ட் 17-ம் தேதி கிழக்கிந்தியக் கம்பெனிக்கும் கிரேட் இந்தியன் பெனின்சுலா ரயில்வே (ஜி.ஐ.பி.) கம்பெனிக்கும் ஒப்பந்தம் ஆனது. முதலீட்டுக்கு 5 சதவீத வட்டி உத்தரவாதம். லாபம் வந்தாலும் வராவிட்டாலும் லண்டனில் பங்கு வைத்திருந்தவருக்கு வட்டி போய்ச் சேரும். குறைந்தால் இந்திய வரிப்பணத்திலிருந்து எடுத்துக் கொடுப்பார்கள். நிலம் இலவசம். இந்த ஏற்பாட்டில்தான் 1853 ஏப்ரல் 16 அன்று போரி பந்தரிலிருந்து தாணாவுக்கு 14 பெட்டிகளோடு முதல் ரயில் போனது. சாஹிப், சிந்த், சுல்தான் என்ற மூன்று இன்ஜின்கள், 400 விருந்தாளிகள், பீரங்கி மரியாதை எல்லாம் நாம் படித்த கதைதான். படிக்காத பகுதி இந்த வட்டிக் கணக்கு. நிலம் சும்மா வருகிறது, வட்டியும் உறுதி. இப்படிப்பட்ட கம்பெனிக்கு அந்த நிலத்தை வைத்து நாலு காசு பார்க்க வேண்டும் என்ற எண்ணம் எதற்கு வரப்போகிறது?

வேறு ஊரில் என்ன நடந்தது என்று பார்த்தால் வித்தியாசம் புரியும். ஜப்பானில் ஒசாகா பக்கம் கோபாயாஷி இச்சிஸோ என்று ஒருவர் இருந்தார். இன்றைய ஹான்க்யூ ரயில் கம்பெனியின் தொடக்கம் அவர். 1910-ல் அவருடைய ரயில் ஓடத் தொடங்கியபோது அந்தப் பாதையில் பெரிய ஊர்கள் கிடையாது, வயல்காடுதான். பாதையோரத்து நிலத்தை முன்கூட்டியே மலிவாக வாங்கிப் போட்டு, வீடு கட்டி, மாதத் தவணையில் விற்றார். வீடு வாங்கியவர் ரயிலில் ஏறினார். பாதையின் மறுகோடியில் தகராஸுகாவில் பெண்கள் நடிக்கும் நாடகக் குழுவை ஏற்படுத்தி, லீவு நாளிலும் ரயிலை நிரப்பினார். 1929-ல் உமேதா ஸ்டேஷனிலேயே பலமாடிக் கடை. ரயிலால் நிலத்துக்கு விலை ஏறும், அந்த ஏற்றம் ரயிலுக்கே வந்து சேர வேண்டும் என்பது அவருடைய கணக்கு.

பம்பாயிலும் நிலத்தின் விலை ஏறத்தான் செய்தது. ஆனால் ஏற்றம் போன இடம் வேறு. 1896-ல் பிளேக் வந்து நகரத்தைக் கலக்கியது. அதன் பிறகு 1898-ல் பம்பாய் இம்ப்ரூவ்மெண்ட் டிரஸ்ட் அமைந்தது. தாதர், மாதுங்கா, வடாலா பக்கம் மனைகள் பிரித்தார்கள். ஜி.ஐ.பி. ரயில் ஒருபுறம், பி.பி.சி.ஐ. என்று அழைக்கப்பட்ட பம்பாய்–பரோடா கம்பெனியின் ரயில் மறுபுறம். 1925 பிப்ரவரி 3-ல் வி.டி.யிலிருந்து குர்லாவுக்கு மின்சார ரயில் ஓடியது. இந்தியாவிலேயே முதல். 1928-ல் கொலாபா–போரிவலி பாதையும் மின்மயமானது. குமாஸ்தாக்களும் டைப்பிஸ்டுகளும் கோட்டைப் பகுதி ஆபீஸுக்கு நேரத்துக்குப் போய்ச் சேர முடிந்தது. மாதுங்காவில் நம்மவர்கள் குடியேறி, கோயிலும் பள்ளிக்கூடமும் காப்பிக் கடையும் வைத்தது இப்படித்தான். மாதுங்கா மனைக்கு மதிப்பு தந்தது ரயில். மதிப்பை வாங்கிக் கொண்டவர்கள் டிரஸ்டும், மனைக்காரர்களும், பிறகு வந்த பில்டர்களும். ரயில்வேக்குக் கிடைத்தது டிக்கெட் காசு மட்டும்.

ரயில்வே கையிலிருந்த நிலத்தின் கதை இன்னும் சுவாரசியம். கொலாபாவில் பி.பி.சி.ஐ.க்கு ஒரு டெர்மினஸ் இருந்தது. சர்ச்கேட்டைத் தாண்டி ரயில் கடலோரமாக அங்கே போகும். 1930 டிசம்பரில் பாம்பே சென்ட்ரல் திறந்தது. அதே மாதக் கடைசியில் கொலாபா ஸ்டேஷன் மூடப்பட்டது. சர்ச்கேட்டுக்குத் தெற்கே தண்டவாளம் போனது. தென் மும்பையின் விலை உயர்ந்த மூலைகளில் ஒன்று அது. ஸ்டேஷன் இருந்த நிலத்தில் இன்று இருப்பது பத்வார் பார்க் என்ற ரயில்வே அதிகாரிகள் குடியிருப்பு. நிலம் இருக்கிறது, அதைப் பணமாகப் பார்க்கும் கண் இல்லை. சுதந்திரத்துக்குப் பிறகும் வெகுகாலம் இதுதான் நிலைமை. இந்திய ரயில்வேயிடம் நாடு முழுக்க சுமார் 4.9 லட்சம் ஹெக்டேர் நிலம். நாட்டின் மிகப்பெரிய நிலச்சுவான்தார்களில் ஒன்று.

ஆனால் பிளாட்பாரத்துக் கடை மட்டும் ஆரம்பத்திலிருந்தே வியாபாரம்தான். 1877-ல் அலகாபாத்தில் தொடங்கிய ஏ.எச். வீலர் கம்பெனி வடக்கிலும் மேற்கிலும் ஸ்டேஷன் ஸ்டேஷனாகப் புத்தகக் கடை போட்டது. நம் ஊர்ப் பக்கம் அதே வேலையை ஹிக்கின்பாதம்ஸ் செய்தது. 1888-ல் வீலர் வெளியிட்ட ரயில்வே நூல் வரிசையில்தான் கிப்ளிங்கின் கதைகள் புத்தகமாக முதலில் பரவலாகப் போயின. ரயில் பயணி என்ற ஒரு வாசகர் கூட்டமே அந்தச் சின்ன மரக்கடையால் உருவானது. ஒரே கம்பெனிக்கு இத்தனை ஸ்டேஷன்களா என்ற கேள்வி நூறு வருஷத்துக்கு மேல் யாருக்கும் பெரிதாகத் தோன்றவில்லை. லாலு பிரசாத் யாதவ் ரயில்வே மந்திரியாக இருந்த 2004-ல்தான் வீலரின் ஏகபோகத்தை முடிக்கும் அறிவிப்பு வந்தது.

இந்தக் கடைகளுக்கு ரயில்வே தருவது வாடகைப் பத்திரம் அல்ல, லைசென்ஸ். இரண்டும் ஒன்றுதானே என்று தோன்றும். சட்டத்தில் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம். 1882-ம் வருஷத்து ஈஸ்மெண்ட்ஸ் சட்டம் 52-ம் பிரிவின்படி லைசென்ஸ் என்பது வெறும் அனுமதி. அந்த இடத்தின் மீது லைசென்ஸ்காரருக்கு எந்த உரிமையும் பிறக்காது. இன்று இங்கே நின்று விற்கலாம், நாளை நகரச் சொன்னால் நகர வேண்டும். 1947 வாடகைச் சட்டம் வந்த பிறகு மும்பையில் ஒரு தடவை குடிவந்தவரை எழுப்புவது எவ்வளவு கஷ்டம் என்பது இந்த ஊர்க்காரர்களுக்குத் தெரியும். தாத்தா காலத்து வாடகையில் பேரன் இருப்பார். அந்தச் சட்டம் அரசு இடங்களுக்குப் பொருந்தாது. போதாததற்கு 1971-ல் பொதுக் கட்டடங்களில் அனுமதியில்லாமல் இருப்பவர்களை வெளியேற்றும் சட்டமும் வந்தது. ஆக, பிளாட்பாரத்தில் கடை வைத்தவர் முப்பது வருஷம் இருந்தாலும் முதல் நாள் வந்தவர் மாதிரிதான். பூட் பாலிஷ்காரர்கள் கூட்டுறவுச் சங்கம் அமைத்துக்கொண்டு சங்கத்தின் பெயரில் லைசென்ஸ் வாங்கி உட்காருவது இந்த நிலையில் கொஞ்சம் பலம் வேண்டித்தான்.

நான் இதை முழுக்கத் தப்பு என்று சொல்லமாட்டேன். கூட்டம் பெருகும்போது கடையை நகர்த்த முடிய வேண்டும். பிளாட்பாரம் முதலில் காலுக்கு, பிறகுதான் கல்லாவுக்கு. சட்டம் அந்த அதிகாரத்தை ரயில்வேக்குக் கொடுத்திருக்கிறது. அதை நேரத்துக்குப் பயன்படுத்தினார்களா என்பது வேறு விஷயம். அதற்குப் பின்னால் வருகிறேன்.

லைசென்ஸே இல்லாமல் ரயில்வே நிலத்தில் இருந்தவர்கள் இன்னொரு கூட்டம். ஹார்பர் லைனில் ஒரு காலத்தில் தண்டவாளத்திலிருந்து கை எட்டும் தூரத்தில் குடிசைகள். ரயில் அந்த இடத்தில் ஊர்ந்துதான் போகும். நிலத்தைப் பயன்படுத்தவும் இல்லை, பாதுகாக்கவும் இல்லை, அதனால் வேறு போக்கிடம் இல்லாதவர்கள் வந்தார்கள். 1980-களின் கடைசியில் இவர்களை யார் எவர் என்று கணக்கெடுக்க முன்னால் நின்றவர்களில் ஒருவர் ஜோக்கின் அற்புதம். கோலார் தங்கவயலில் பிறந்த தமிழர். மான்கூர்ட் ஜனதா காலனியில் வாழ்ந்து, 1976-ல் அந்தக் காலனி இடிக்கப்பட்டபோது போராடியவர், தேசியக் குடிசைவாசிகள் கூட்டமைப்பைக் கட்டியவர். 2000-ல் மகசேசே விருது, 2011-ல் பத்மஸ்ரீ, 2018-ல் மறைவு. அவருடைய யோசனை எளிமையானது: ரயிலுக்கு இடம் வேண்டும், எங்களுக்கு வீடு வேண்டும், இரண்டையும் சேர்த்துப் பேசுவோம். 2002-ல் உலக வங்கிக் கடனோடு மும்பை நகரப் போக்குவரத்துத் திட்டம் வந்தபோது பாதையோரத்தில் இருந்த ஆயிரக்கணக்கான குடும்பங்கள் மாற்று வீடு பெற்று நகர்ந்தது அந்த அடிப்படையில்தான். போன இடங்களில் குறைகள் நிறைய, அது தனிக் கதை. ஆனால் ரயில்வே நிலத்தில் சாதாரண ஜனத்துக்கும் ஒரு பங்கு உண்டு என்று மேஜையில் உட்கார்ந்து பேசப்பட்டது அப்போதுதான்.

இனி நவி மும்பைக்கு வருவோம். கோபாயாஷியின் கணக்கை இந்தப் பக்கம் யாராவது போட்டார்களா என்று கேட்டால், கிட்டத்தட்டப் போட்டது சிட்கோ. மாநில அரசு 1970-ல் ஏற்படுத்திய நிறுவனம். புது நகரம் கட்டுவது அதன் வேலை. மனைகள் போட்டாகிவிட்டது, ஆனால் கழிமுகத்தைத் தாண்டி ரயில் வராமல் யார் குடிவருவார்கள்? ரயில்வேயிடம் பணம் இல்லை. சிட்கோ சொன்னது: செலவில் 67 சதவீதம் நாங்கள் தருகிறோம், நீங்கள் 33 போடுங்கள். ஸ்டேஷன் நிலத்தில் கட்டடம் கட்டி விற்கும் உரிமை எங்களுக்கு. 1992 மே மாதம் மான்கூர்டிலிருந்து வாஷிக்கு ரயில் ஓடியது. டிக்கெட்டில் தனியாக ஒரு சர்சார்ஜும் வசூலித்தார்கள்.

வாஷி ஸ்டேஷனைப் பார்த்திருப்பவர்களுக்குத் தெரியும். அது ஸ்டேஷன் மாதிரியே இருக்காது. ஹஃபீஸ் கான்ட்ராக்டர் வரைந்த கட்டடம். கீழே ரயில், மேலே ஐ.டி. கம்பெனிகள். லிஃப்டில் இறங்கினால் பிளாட்பாரம். பேலாப்பூரும் அதே ஜாதி. காலையில் எல்லோரும் தெற்கு நோக்கிப் போகும்போது, எதிர்த்திசையில் காலியாக ஓடிக்கொண்டிருந்த ரயிலுக்கும் ஆள் கிடைத்தது. பிறகு 2008-ல் சீவுட்ஸ் ஸ்டேஷனைச் சுற்றிய நாற்பது ஏக்கருக்கு டெண்டர் விட்டார்கள். எல் அண்ட் டி சுமார் 1,800 கோடி ரூபாய்க்கு எடுத்தது. 2017-ல் ஸ்டேஷனோடு ஒட்டி பெரிய மால் திறந்தது.

குறை இல்லாமல் இல்லை. ஸ்டேஷன் கட்டடம் சிட்கோவுடையது, ரயில் ரயில்வேயுடையது. கூரை ஒழுகினால் யார் பார்ப்பது என்று இருவரும் கடிதம் எழுதிக்கொண்டிருப்பார்கள். ஆனாலும் ரயிலால் ஏறிய நிலமதிப்பில் ஒரு பங்கு ரயில் பாதைக்கே திரும்பி வந்தது என்பதை மறுக்க முடியாது. மாதுங்காவில் நடக்காதது வாஷியில் நடந்தது.

அதே 67-க்கு 33 பங்குக் கணக்கு நம் சென்னையிலும் உண்டு. பறக்கும் ரயிலின் இரண்டாம் கட்டம், திருமயிலையிலிருந்து வேளச்சேரி வரை, மாநில அரசு 67, ரயில்வே 33. 2007-ல் வேளச்சேரிக்கு ரயில் போனது. ஸ்டேஷன்களைப் பார்த்தால் பிரம்மாண்டம். திருமயிலை ஸ்டேஷனுக்குள் ஒரு கல்யாண மண்டபமே வைக்கலாம். வியாபாரத்துக்கென்றே மாடி மாடியாகக் கட்டினார்கள். வியாபாரிகள்தான் வரவில்லை. வருஷக்கணக்கில் தூசியும் இருட்டுமாகக் கிடந்த தளங்கள் அவை. சாயங்காலம் தனியாக நடக்கப் பெண்கள் யோசிப்பார்கள். ஒரே பங்கு விகிதம், ஏன் இப்படி? வாஷியில் ஊரைக் கட்டியவரும் ஸ்டேஷனைக் கட்டியவரும் ஒருவரே. எங்கே ஆபீஸ் வரும், எங்கே வீடு வரும் என்பது அவர் கையில் இருந்தது. சென்னையில் ரயில் ஒருவர், ஊர் ஒருவர், பஸ் ஒருவர். கீழே பஸ் நிற்காத இடத்தில் மேலே கடை எப்படி ஓடும்? கூட்டம் வந்தால் கட்டடத்துக்கு விலை வரும். கட்டடம் கட்டியதாலேயே கூட்டம் வந்துவிடாது.

டெல்லியில் இருப்பவர்களுக்கும் நிலத்தின் மேல் கண் திறந்தது 1990-களுக்குப் பிறகுதான். 1999-ல் ரயில்வேயும் மகாராஷ்டிர அரசும் 51-க்கு 49 பங்கில் மும்பை ரயில்வே விகாஸ் கார்ப்பரேஷனை அமைத்தார்கள். பாதை போடுவதோடு, மும்பையில் ரயில்வே நிலத்தையும் ஸ்டேஷனுக்கு மேலுள்ள வான்வெளியையும் வியாபாரமாக்குவதும் அதன் பொறுப்புகளில் ஒன்று. பிறகு நாடு முழுவதற்குமாக ரயில் நில மேம்பாட்டு ஆணையம் வந்தது. 2017 ஜனவரியில், சுரேஷ் பிரபு மந்திரியாக இருந்தபோது, கட்டணம் அல்லாத வருமானம் என்ற பெயரில் ஒரு மூட்டைக் கொள்கைகள். விளம்பரப் பலகைகளை மொத்தமாக ஏலம் விடுவது, ரயிலுக்கே விளம்பர உடை போடுவது, பிளாட்பாரத்தில் ஏ.டி.எம்., யாராவது புது யோசனை சொன்னால் அதற்கும் ஒரு திட்டம். டிக்கெட் விலையை ஏற்ற அரசியல் தைரியம் இல்லாதபோது வேறு என்னதான் செய்வார்கள்? காகிதத்தில் பார்த்தால் நியாயமான யோசனைகள்தான்.

அதே வருஷம் செப்டம்பர் 29. காலை நேரம், மழை. பரேலையும் எல்ஃபின்ஸ்டன் ரோடையும் இணைக்கும் குறுகிய நடைபாலத்தில் நெரிசல் ஏற்பட்டு 23 பேர் செத்துப் போனார்கள். எல்ஃபின்ஸ்டன் ரோடு மறு வருஷம் பிரபாதேவி என்று பெயர் மாறியது. பாலத்தை ராணுவம் வந்து கட்டிக் கொடுத்து 2018 பிப்ரவரியில் திறந்தார்கள்.

அந்தப் பாலத்தில் அன்று அத்தனை பேர் ஏன்? பரேலும் லோயர் பரேலும் மில்கள் இருந்த இடம். மில் தொழிலாளி பெரும்பாலும் பக்கத்துச் சாலில் இருந்து நடந்தே வேலைக்கு வந்தார். 1982 வேலைநிறுத்தத்துக்குப் பிறகு மில்கள் ஒவ்வொன்றாகப் படுத்தன. 1991-ல் மில் நிலத்தை விற்கவும் கட்டவும் விதி வந்தது. 2001-ல் அந்த விதியை மில்காரர்களுக்கு இன்னும் சாதகமாகத் திருத்தினார்கள். 2006-ல் சுப்ரீம் கோர்ட்டும் அதை ஏற்றது. புகைபோக்கி இருந்த இடத்தில் கண்ணாடிக் கோபுரங்கள். அதில் வேலை செய்கிறவர்கள் விராரிலிருந்தும் டோம்பிவிலியிலிருந்தும் ரயிலில் வந்து அதே பழைய குறுகிய படிக்கட்டில் இறங்கினார்கள். ஆயிரக்கணக்கான கோடிக்கு நிலம் கைமாறியது. அந்த நிலத்துக்கு ஆபீஸ் மதிப்பு வந்ததே இரண்டு ரயில் பாதைகள் அருகருகே ஓடுவதால்தான். கைமாறிய அந்தத் தொகையில் ஒரு சிறு பங்கு ஸ்டேஷனுக்கு என்று வாஷி மாதிரி ஒரு விதி இருந்திருந்தால், ஒரு பாலம் என்ன, பத்துப் பாலம் கட்டியிருக்கலாம். இடத்தைக் காசாக்கும் கொள்கை ஜனவரியில் வந்தது. பாலத்துக்கு ராணுவம் வரவேண்டியிருந்தது.

விளம்பரப் பலகை விஷயத்தில் இன்னொரு சட்டச் சிக்கல். 1989 ரயில்வே சட்டத்தின் 185-ம் பிரிவு என்ன சொல்கிறது என்றால், ரயில்வே இடத்தில் வைக்கும் விளம்பரத்துக்கு, மத்திய அரசு தனியாக அறிவித்தால் ஒழிய, உள்ளாட்சிக்கு வரி கட்ட வேண்டியதில்லை. வரி இல்லை என்பது மெல்ல மெல்ல, அனுமதியும் வேண்டாம் என்று புரிந்துகொள்ளப்பட்டது. மும்பை மாநகராட்சி தன் எல்லையில் 40-க்கு 40 அடிக்கு மேல் பலகை கூடாது என்கிறது. வேலிக்கு அந்தப் பக்கம் ரயில்வே இடம் என்றால், அது எங்களுக்குப் பொருந்தாது என்று பதில். ஆனால் பலகை பார்ப்பது யாரை? பெரும்பாலும் வேலிக்கு வெளியே மாநகராட்சி ரோட்டில் போகிறவரை. விழுந்தால் விழுவதும் அங்கேதான்.

2024 மே 13 சாயங்காலம் அதுதான் நடந்தது. காட்கோபர் கிழக்கில் சேடா நகர், ஈஸ்டர்ன் எக்ஸ்பிரஸ் ஹைவே ஓரம். புழுதிக் காற்று, பிறகு மழை. நனையாமல் இருக்க வண்டிக்காரர்கள் பெட்ரோல் பங்கில் ஒதுங்கினார்கள். 120-க்கு 120 அடி இரும்புப் பலகை அவர்கள் மேல் சாய்ந்தது. 17 பேர் இறந்தார்கள், எழுபதுக்கும் மேல் காயம். உடனே யார் இடம், யார் அனுமதி என்ற பந்தாட்டம். நாங்கள் அனுமதி கொடுக்கவில்லை என்றது மாநகராட்சி. இது எங்கள் நிலமே இல்லை என்றது மத்திய ரயில்வே. நிலம் இருந்தது ரயில்வே போலீஸ் கையில். பெயரில் ரயில்வே இருந்தாலும் அது மாநில அரசின் போலீஸ். அனுமதி அவர்களிடமிருந்து போயிருந்தது. ரயில்வே இடம், மாநகராட்சியைக் கேட்க வேண்டாம் என்ற அந்தப் பழைய வாதம், ரயில்வேயே இல்லாத ஓரிடத்துக்கும் குடை பிடித்திருக்கிறது. அதன் பிறகுதான் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தைக் கையில் எடுத்து, ரயில்வே நிலங்களில் 40-க்கு 40-க்கு மேலுள்ள பலகைகளை எடுக்கச் சொல்லி மாநகராட்சி நோட்டீஸ் அனுப்பியது.

நூற்றெழுபது வருஷக் கதையைச் சேர்த்துப் பார்க்கும்போது எனக்குத் தோன்றுவது இது. ரயில்வே இடத்தை வாடகைக்கு விடுவதில் தப்பில்லை. வாடகைக்கு விடாமல் சும்மா வைத்திருந்த காலம் ஒன்றும் பொற்காலம் இல்லை. லாபம் வெளியே போனது, அவ்வளவுதான். ஆனால் சிட்கோவும் ரயில்வேயும் உட்கார்ந்து 67-க்கு 33 என்று எழுதிக்கொண்ட மாதிரி, இந்தப் பலகையின் காசில் இவ்வளவு இந்த ஸ்டேஷன் படிக்கட்டுக்கு, இவ்வளவு கழிப்பறைக்கு என்று யாரும் எழுதியதில்லை. வசூல் மொத்தக் கணக்கில் போய்க் கரைகிறது. பயணியின் கண்ணும் காலும்தான் சரக்கு. சரக்கின் சொந்தக்காரர் ஒப்பந்தத்தில் எங்கேயும் இல்லை.

பெரிய சீர்திருத்தம் எல்லாம் கேட்கவில்லை. ஒவ்வொரு விளம்பரப் பலகையின் கீழும் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி ஒரு சின்னத் தகடு. யார் எடுத்திருக்கிறார், எத்தனை அடி, வருஷத்துக்கு எவ்வளவு, உறுதியை யார் எப்போது சோதித்தார், அந்தப் பணத்தில் இந்த ஸ்டேஷனுக்கு என்ன செய்தார்கள். தமிழ்நாட்டில் டியூப் லைட்டிலேயே உபயதாரர் பெயரை எழுதி வைக்கிற கோயில்களைப் பார்த்து வளர்ந்தவன் நான். வெளிச்சம் கொஞ்சம் குறைந்தாலும் கணக்கு ஊருக்குத் தெரியும். ரயில்வே ஸ்டேஷனில் அந்த அளவுக்காவது தெரிய வேண்டாமா?